பாசி வாளியும் நள்ளிரவு வலையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மிதக்கும் கடற்பாசியை ஆராயக் கப்பலில் போகிறவர்களுக்கு நாள் முழுக்க என்னதான் வேலை?

பதில்: வாளி சுமப்பது, வலை கழுவுவது, எண்ணி எழுதுவது. நாலு மணி நேரம் வாட்ச் (முறை வேலை), எட்டு மணி நேரம் ஓய்வு என்பது பல கப்பல்களில் உள்ள வழக்கம். அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் சர்காசம் பாசிக்காகப் போகும் கப்பலில், நடுப்பகலிலும் நள்ளிரவிலும் மேற்பரப்பு வலை இறங்கும். ஆழத்துச் சிற்றுயிர்கள் இருட்டிய பிறகுதான் மேலே வரும்; அதனால்தான் அந்த நள்ளிரவுத் தொல்லை.

வலையின் வாய் 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம். பாதி வாய் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். 2 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில், 30 நிமிடம் இழுத்தால் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆக 1,852 சதுர மீட்டர் கடலை வாரியிருக்கிறோம். வந்த பாசி 926 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு அரை கிராம்.

ஆனால் காற்று வீசும்போது பாசி கோடு கோடாக ஒதுங்கிவிடும். கோட்டின் மேல் போனால் வலை சில நிமிடங்களில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் உள்ளே போகாமல் முன்பக்கமே வழியும். கோட்டைத் தவறவிட்டால் வாளியில் ஒரு கொத்து கூட இருக்காது. அதனால் வலையை மட்டும் நம்பக் கூடாது. மேல்தளத்தில் ஒருவர் நின்று, கண்ணில் படும் கோடுகளையும் கொத்துகளையும் நேரத்தோடு குறிக்க வேண்டும்.

கேள்வி: ஆடும் கப்பலில் எடை எப்படிப் போடுகிறார்கள்?

பதில்: சாதாரண மின்னணுத் தராசில் எண் அங்கே நிலைக்காது. தொங்கும் வில் தராசில் மாட்டி, முள் ஏறி இறங்கும் இரண்டு எல்லைக்கும் நடுவை எழுதிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய வில்லன் ஈரம். ஒருவர் மூன்று முறை உதறுவார், இன்னொருவர் பத்து முறை. ஒரே பாசிக்கு இரண்டு எடை. கீரையை நீர் வடியச் சுழற்றும் கூடையில் எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் சுழற்றினால் இந்தச் சண்டை தீரும்.

எடைக்கு முன் பாசியை வாளித் தண்ணீரில் அலசி, ஒட்டியிருக்கும் இறால், நண்டு, நத்தைகளைப் பிரிக்க வேண்டும். சர்காசம் மீன் சிக்கினால் அந்த நொடியே தனி வாளிக்கு மாற்றுங்கள். பாசி நிறத்திலேயே அசையாமல் கிடக்கும். நீங்கள் எண்ண ஆரம்பிப்பதற்குள் பாதி இறாலை விழுங்கியிருக்கும்.

கேள்வி: பாசியின் இனத்தைக் கையில் பார்த்தே சொல்ல முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். தண்டைத் தடவுங்கள்: சிறு முட்கள் நெருடினால் சர்காசம் ஃப்ளூயிடன்ஸ். தண்டு வழவழப்பாக, இலை ஒடுங்கி, பாசியை மிதக்க வைக்கும் காற்றுப்பையின் நுனியில் ஊசி போல நீட்டிக்கொண்டிருந்தால் சர்காசம் நாடன்ஸ். நாடன்ஸிலேயே இலை அகன்ற வகை ஒன்று உண்டு. அதில் அந்த ஊசி பெரும்பாலும் இருக்காது. புதியவர்கள் இலையை மட்டும் பார்த்து ஃப்ளூயிடன்ஸ் என்று எழுதிவிடுவது இங்கேதான். ஒரு கொத்தில் ஒரு கிளை போதாது, நாலைந்து கிளைகளைத் தடவிப் பாருங்கள்.

கேள்வி: வெறுங்கையால் தொடலாமா?

பதில்: கையுறை போடுங்கள். பாசியின் மேல் வளரும் ஹைட்ராய்டு என்ற சிற்றுயிர்கள் கொட்டும், அரிப்பு அதனால்தான். வேலை முடிந்த பாசியை வாளியில் இரவு முழுக்க விடாதீர்கள். அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவந்து ஆய்வறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நுண்ணோக்கியில் குனிந்தபடியே தலைசுற்றலோடு போராடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது ஒன்றே போதும்.