வரவா, கடனா?

கேள்வி: மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்தபோது வங்கிக் குறுஞ்செய்தி ‘கிரெடிட்’ என்றது. கடன் வாங்கும் அட்டைக்கும் ‘கிரெடிட் கார்டு’ என்றே பெயர். இது வரவா, கடனா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இரண்டுமே கடன்தான், கடன்பட்டவர்தான் வேறு. நிவாரணத் தொகையான 8,000 ரூபாய் உங்கள் கணக்கில் சேர்ந்தவுடன், கேட்கும்போது அதைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு வங்கிக்கு வந்துவிடுகிறது. குறுஞ்செய்தி வங்கியின் பேரேட்டை ஒட்டியே எழுதப்படுவதால், வங்கியின் கடன் உங்களுக்கு வரவாகத் தெரிகிறது. அட்டையில் வங்கி உங்களை நம்பிக் கொடுக்கிறது. அந்த நம்பிக்கையை 300 முதல் 900 வரை எண்ணால் அளப்பதே ‘கிரெடிட் ஸ்கோர்’.

வலைக்கும் டீசலுக்கும் வியாபாரி முன்பணம் கொடுத்து, பிடிபட்ட மீனைத் தமக்கே தர வேண்டும் என்று சொல்லி விலையையும் தாமே வைத்தால், அதுவும் கிரெடிட்தான். வட்டி, குறைந்த விலையாக எடைத்தட்டில் ஒளிந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை (எனக்கு இதில்தான் கூடுதல் அச்சம்). 2018-19 நிதிநிலை அறிக்கை மீனவர்களுக்கும் விரிவாக்கிய கிசான் கிரெடிட் கார்டில் (விவசாயிகளுக்கான கடன் அட்டை), நடைமுறைச் செலவுக்கான குறுகிய காலக் கடனைத் தவணை தவறாமல் கட்டினால், 7 சதவீத வட்டி 4 ஆகக் குறையும். இத்தகைய கடனுக்கு 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்ற விதி 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது.