நுகர்வோர் கேள்வி–பதில்: எம்.எஸ். நோயாளிக்கு வி.ஆர். ஹெட்செட்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோய், உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் மையலின் உறையைத் தாக்குவதால் வருவது. நடையில் தள்ளாட்டமும் தீராத சோர்வும் அதன் பெருந்தொல்லைகள். அவற்றுக்கு வி.ஆர். எனப்படும் மெய்நிகர் பயிற்சி, அதாவது கண்களை மூடித் தலையில் மாட்டும் ஹெட்செட்டிலோ எதிரே வைத்த திரையிலோ தெரியும் விளையாட்டுக்கேற்ப உடலை அசைத்துச் செய்யும் பயிற்சி, நல்லது என்று சென்னையில் பலரும் விற்கத் தொடங்கியிருப்பதால், இம்முறை அது பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: என் மனைவிக்கு 39 வயது, எம்.எஸ். நோயால் நடை தடுமாறுகிறது. ரிச்சி தெருக் கடைக்காரர் ஒருவர் பயிற்சி விளையாட்டுகளோடு ஹெட்செட் 58,000 ரூபாய் என்கிறார். வாங்கலாமா? (கொளத்தூர் வாசகர்)

ப: இப்போது வேண்டாம். இத்தகைய பயிற்சியால் எம்.எஸ். நோயாளிகளின் உடல் சமநிலை மேம்படுவதாக ஆய்வுகள் கூறுவது உண்மைதான். ஆனால் அவற்றில் பல சிறு குழுக்களிடம், பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் நடந்தவை; வழக்கமான பிசியோதெரபியை அதே அளவு செய்தவர்களைவிட வி.ஆர். பயிற்சி செய்தவர்கள் வெகுவாக முந்திவிட்டார்கள் என்று உறுதியாகச் சொல்ல அவை போதா. பலன் தருவது திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு. விளையாட்டு அதன் சலிப்பைப் போக்குகிறது, அவ்வளவுதான்.

கடைக்காரர் சொல்லியிருக்கமாட்டாத இன்னொன்று உண்டு. கால்களில் உணர்வு குறைந்தவர் தரையையும் தம் பாதங்களையும் கண்ணால் பார்த்தே சமாளிக்கிறார். ஹெட்செட் அந்தப் பார்வையை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. அருகில் ஒருவர் நிற்காமல், பிடித்துக்கொள்ளக் கம்பியோ கனமான நாற்காலியோ இல்லாமல் அதை மாட்டுவது விழுவதற்கு வழி. இரட்டைப் பார்வையோ தலைச்சுற்றலோ உள்ளவருக்குக் குமட்டலும் சேரும். எதிரே திரை வைத்துச் செய்யும் பயிற்சியில் இந்தச் சிக்கல் குறைவு. எனவே முதலில் நரம்பியல் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், இந்தக் கருவியை வைத்திருக்கும் மருத்துவமனையொன்றில், உட்கார்ந்த நிலையில் தொடங்கி, ஒரு முழு அமர்வு செய்து பாருங்கள். கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்ப்பது போதாது. அரைக் கிலோ எடை முன்நெற்றியில் தொங்குவதைக் கழுத்து உணர நேரம் வேண்டும். எம்.எஸ். சோர்வு மறுநாள்கூட வந்து நிற்கும் என்பதால், அந்த மறுநாள் கழியும்வரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

கே: "90 நாள் வி.ஆர். பயிற்சியில் சிதைந்த நரம்பு உறை மீண்டும் வளரும்" என்று ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. நம்பலாமா? (பல்லாவரம் வாசகர்)

ப: நம்பாதீர்கள். அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கே: ஒரு மையத்தில் 30 அமர்வுகளுக்கு 48,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டினேன். பிசியோதெரபிஸ்ட் உடனிருப்பார் என்றார்கள். ஐந்து அமர்வுகளுக்குப் பின் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது ஒரு பையன் ஹெட்செட்டை மாட்டிவிட்டுக் கைபேசியோடு உட்கார்ந்துவிடுகிறான். ஒரு முறை விழ இருந்தேன். பணத்தைக் கேட்டால், "செலுத்திய தொகை திருப்பித் தரப்படமாட்டாது" என்று ரசீதில் உள்ளதைக் காட்டுகிறார்கள். (அண்ணா நகர் வாசகி)

ப: சகோதரி, உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. மறுபடியும் அங்கே ஹெட்செட் மாட்டிக்கொள்ளப் போகாதீர்கள்.

அந்த வாசகத்தைப் பற்றி நான் பலமுறை எழுதியாயிற்று, இன்னும் எழுதுவேன். முழங்கால் வலிக்கு வாங்கிய காந்தப் பட்டை, கால் பிடித்துவிடும் இயந்திரம், பாதியில் மூடப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தின் ஆண்டுச் சந்தா என்று என் மேசை இழுப்பறையில் கிடக்கும் ரசீதுகள் அனைத்திலும் அது அச்சாகியிருக்கிறது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டால் அது சட்டமாகிவிடும் என்று விற்பவர் நினைப்பதைவிட, வாங்கியவரும் அப்படியே நம்பி வாய்மூடித் திரும்புவதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் உடனிருப்பார் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, கைபேசி பார்க்கும் பையனைத் தருவது குறைபாடுள்ள சேவை இல்லையென்றால் வேறு எது?

எஞ்சிய 25 அமர்வுகளுக்கான 40,000 ரூபாயைக் கேட்டு, நடந்ததைத் தேதியோடு எழுதி, ஸ்பீட் போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புங்கள். பிசியோதெரபிஸ்ட் இருப்பார் என்று வாக்களித்த வாட்ஸ்ஆப் செய்தியோ துண்டறிக்கையோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடுங்கள். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் பதியலாம். நடக்கச் சிரமப்படும் உங்களுக்கு அது பெரிய உதவி. புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும் அதுவரை காத்திருக்காதீர்கள்.

இனி எங்கே சேர்ந்தாலும் அமர்வுக்கு அமர்வு பணம் கட்டுங்கள். எம்.எஸ். எப்போது தீவிரமாகும், எப்போது தணியும் என்று யாரும் சொல்லமுடியாத நோய். அதற்குப் போய் 30 அமர்வுகளை முன்கூட்டி விற்பதே அடாத வியாபாரம்.

கே: மைத்துனர் சொன்னாரென்று பர்மா பஜாரில் அம்மாவுக்காக ஒரு வெளிநாட்டு ஹெட்செட் வாங்கினேன். பில் வாங்கவில்லை. இரண்டு வாரத்தில் சார்ஜ் ஏற மறுக்கிறது. கடைக்காரர் என்னைத் தெரியாது என்கிறார். என்ன செய்யலாம்? (திருவொற்றியூர் வாசகர்)

ப: பில் இல்லை, உத்தரவாத அட்டை இல்லை, பெட்டியில் இறக்குமதியாளர் முகவரி உண்டா என்று பார்க்கவும் இல்லை. தாயாருக்கு அது ஏற்றதா என்று மருத்துவரைக் கேட்டதாகவும் கடிதத்தில் இல்லை. ஜிபே மூலம் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை வைத்துப் புகார் செய்து பார்க்கலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மைத்துனரைக் கேளுங்கள்.

கே: மதியம் 2 மணி அமர்வில் பார்வை மங்குகிறது, கால் துவள்கிறது. வீட்டுக்கு வந்து ஓய்வெடுத்தால் சரியாகிறது. கருவியில் பழுதா? (வேளச்சேரி வாசகர்)

ப: கருவியைவிட வெப்பத்தின் மீதே எனக்குச் சந்தேகம். உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். 1890-இல் இதை எழுதிய ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊதோஃப் பெயரில் அது அழைக்கப்படுகிறது. இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் ஓய்வுக்குப் பின்னும் நீடித்தால் உடனே போய்விடுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் சென்னையின் மதிய வெயிலில் ஆட்டோ பிடித்துப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டிய கட்டாயம் என்ன? காலை நேரம் கேளுங்கள். பணம் கட்டுமுன் அறையில் ஏசி ஓடுகிறதா, மின்வெட்டு வந்தால் என்ன ஏற்பாடு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ஏறி நின்று விளையாடும் பழைய நின்டெண்டோ வீ (Wii) பலகை 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆய்வுகளில் பயன்படுத்தியதாகப் படித்தேன். (மயிலாப்பூர் வாசகர்)

ப: பயன்படுத்தியது உண்மை. ஆனால் 2007-இல் வந்த பொருள் அது; பலகை மட்டும் போதாது, அதற்கான விளையாட்டுக் கருவியும் வேண்டும், இன்று கெட்டால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். உற்பத்தி நின்றுபோன, உடலசைவைக் கண்டறியும் விளையாட்டுக் கேமரா ஒன்றை இப்படித்தான் தோள்வலிக்காக மலிவாக வாங்கினேன். இணைப்புக் கம்பி இன்னும் கிடைக்கவில்லை. அதே 4,000 ரூபாயில் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள்.