யார்க் நகரில் தனியாக ஒரு நாள்: மாணவி ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் முதுகலை படிக்கிறேன். யார்க் நகரைப் பார்க்க வேண்டும் என்று வந்த நாள் முதல் ஆசை. உடன் வருவதாகச் சொன்ன தோழிகள் வாரா வாரம் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு சனிக்கிழமை தனியாகவே போய்வரலாமா? கையில் பணம் குறைவு. உணவகத்தில் தனியாக உட்காரக் கூச்சமாக இருக்கிறது. ஒரே நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள், தோழிகளுக்காக இன்னும் காத்திருக்க வேண்டாம். பழைய நகரங்களுக்கு மாணவர்களைப் பல ஆண்டுகளாக அழைத்துச் சென்று வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூட்டமாகச் செல்பவர்கள் அதிகம் பார்ப்பதில்லை, அதிகம் பேசுகிறார்கள். ஒரு சுவரின் முன் பத்து நிமிடம் நின்றால் உடன் வந்தவர் பொறுமை இழப்பார். தனியாகச் சென்றால் அந்தப் பத்து நிமிடம் முழுவதும் உங்களுடையது. யார்க் அப்படி நின்று பார்ப்பவர்களுக்கே தன்னைத் திறந்து காட்டும் ஊர்.

தனியாகச் செல்லும் நாள் சலித்துப்போவதற்குப் பெரும்பாலும் தனிமை காரணமாக இருப்பதில்லை. எட்டு இடங்களைப் பட்டியலிட்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுவதும், நடுவில் விழும் வெற்று நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பேசியை எடுப்பதும்தான் மனத்தைச் சோர்வடையச் செய்கின்றன. எனவே பட்டியலுக்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். யார்க்குக்குப் பொருத்தமான கேள்வி இது: நான் இப்போது நிற்கும் இடம் எந்தக் காலத்தில் போடப்பட்ட கோடு? ரோமானியர்கள் கி.பி. 71இல் இங்கே கோட்டை அமைத்து எபோராக்கம் என்று பெயரிட்டார்கள். 866இல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் கைப்பற்றிய பின் அது யோர்விக் ஆயிற்று. இடைக்காலத்தில் மதிலும் யார்க் மின்ஸ்டர் என்னும் பேராலயமும் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது. இந்த நான்கு காலங்களும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடப்பதை வெறும் கண்ணால் காணலாம் என்பதே இந்த ஊரின் அருமை.

முதலில் பயணம். லீட்ஸிலிருந்து ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். உங்களிடம் 16-25 ரயில்கார்டு இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வயது 25ஐத் தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம். வார நாள்களில் காலை 10 மணிக்கு முன் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று உண்டு என்பதால் குறுகிய பயணத்துக்கு அந்தத் தள்ளுபடி பலிக்காமல் போகலாம். சனி, ஞாயிறுகளில் அந்தத் தடை இல்லை. ஆகவே நீங்கள் சனிக்கிழமையைத் தேர்ந்தது நல்லதே. ஒருவழிச் சீட்டு இரண்டு வாங்குவதைவிட அன்றே திரும்பும் இருவழிச் சீட்டு வழக்கமாக மலிவு என்பதையும் மறந்துவிடாதீர்கள். ரயில்கார்டும் சீட்டும் கைப்பேசியில்தான் இருக்கும் என்றால், மின்கலம் தீர்ந்துபோனால் உங்களிடம் சீட்டு இல்லை என்றே கொள்ளப்படும். மாற்று மின்கலம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குள் யார்க் சென்றடையும்படி பாருங்கள். 1877இல் திறக்கப்பட்ட நிலையத்தின் வளைந்த இரும்புக் கூரையைக் கீழே நின்று ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். திரும்பும்போது அதற்கு நேரம் இருக்காது. வெளியே வந்தால் எதிரிலேயே மண்மேட்டின் மீது வெண்ணிற மதில் தெரியும். ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மதிலின் மேல் நடக்கக் கட்டணம் எதுவும் இல்லை. காலை 8 மணிக்குத் திறந்து பொழுது சாயும்போது மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் அது மாலை நான்கு மணிக்கு முன்பே நடந்துவிடும். உறைபனியோ பனிப்பொழிவோ இருந்தால் திறக்கவே மாட்டார்கள். அதனால்தான் மதிலைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்கிறேன். உட்புறத்தில் பல இடங்களில் கைப்பிடி கிடையாது; படம் எடுத்துக்கொண்டே நடக்க வேண்டாம்.

நிலையத்தின் அருகே மதில் ஏறி, லெண்டல் பாலத்தருகே இறங்கி, ஊஸ் ஆற்றைக் கடந்தால் இடப்புறம் அருங்காட்சியகப் பூங்கா. நுழைவுக்குக் கட்டணம் இல்லை. அங்கே பல்கோணக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அன்று முழுவதும் நீங்கள் ஒரே ஒரு பொருளை மட்டும்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். கிட்டே சென்று சுவரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடிப்பகுதியில் உள்ளங்கையளவுச் சிறு கற்கள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே சிவப்புச் செங்கல் பட்டை ஒன்று கோடு போட்டதுபோல் ஓடும். அது ரோமானியர் கை. ஓர் உயரத்துக்கு மேல் கற்கள் சட்டென்று பெரிதாகிவிடும். அது இடைக்காலக் கை. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், அந்த இடைவெளியோ விரல் நுழையாத ஒரு சாந்துக்கோடு. கோபுரத்தின் உட்புறம் சென்றால் ரோமானியக் கற்சவப்பெட்டிகள் புல்தரையில் கிடக்கும். ஒரு சிறு குறிப்பேடு கொண்டு சென்று அந்தச் சுவரில் ஒரு முழ அகலத்தை மட்டும் வரையுங்கள். ஓவியத் திறமை வேண்டாம். ஒவ்வொரு கல்லாக வரையும்போது கண் மெதுவாகிறது. படம் எடுத்தால் மூன்று நொடியில் நகர்ந்துவிடுவோம். நான் அழைத்துச் சென்ற மாணவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் தாங்கள் வரைந்ததைத்தான்.

பூங்காவை அடுத்த கண்காட்சிச் சதுக்கத்திலிருந்து, 1951 முதல் இயங்கும் தன்னார்வ வழிகாட்டிகள் சங்கத்தினர் நாள்தோறும் காலை 10.15 மணிக்கு ஒரு நடைச் சுற்றுலா தொடங்குகிறார்கள். சுமார் இரண்டு மணி நேரம், முற்றிலும் இலவசம், அன்பளிப்பும் வாங்குவதில்லை. தனியாக வருபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்பது என் கருத்து. பேச்சுத்துணை தேவையெனில் கிடைக்கும், வேண்டாமெனில் பின்னால் அமைதியாக நடக்கலாம். அன்றைய நேரத்தை அவர்களது இணையதளத்தில் முந்தைய நாள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுலாவைத் தவறவிட்டாலும், பூத்தம் பார் முதல் மங்க் பார் வரையுள்ள மதில் பகுதியை விட்டுவிடாதீர்கள்; பேராலயம் முழுமையாகத் தெரிவது அங்கிருந்துதான்.

இங்கே பெயர்களைப் பற்றி ஒரு சொல். யார்க்கில் 'பார்' என்றால் மதில் வாசல், 'கேட்' என்றால் தெரு. வைக்கிங்குகளின் மொழியில் 'காத்தா' என்றால் தெரு. அதுதான் 'கேட்' ஆக நின்றுவிட்டது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பெயர்ப்பலகைகள் பேசத் தொடங்கும். மிக்கிள்கேட் என்பது பெருந்தெரு. காப்பர்கேட் என்பது மரக்கிண்ணம் கடைந்தவர்களின் தெரு, செம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் காப்பர்கேட்டில் 1976 முதல் 1981 வரை அகழ்ந்தபோது வைக்கிங் காலத்து வீடுகளும், ஏறத்தாழ 40,000 பொருள்களும் கிடைத்தன. அந்த இடத்திலேயே 1984இல் யோர்விக் மையம் என்னும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மையத்துக்குக் கட்டணம் கூடுதல். முதல் பயணத்தில் அதை விட்டுவிடலாம் என்பேன்.

ரோமானியத் தெருக்களும் இன்னும் காலடியில் இருக்கின்றன. பூத்தம் பார், கோட்டையின் வாசல்களில் ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் வழியே நுழைந்து பீட்டர்கேட்டில் நடந்தால், கோட்டையின் குறுக்குப் பெருவீதியில் நடக்கிறீர்கள். ஸ்டோன்கேட் அதே கோட்டையின் முன்வாசல் வீதி. பேராலயம் நிற்பது படைத் தலைமையகத்தின் மேல். 306இல் பேரரசர் கான்ஸ்டாண்டியஸ் இந்த ஊரில் இறந்தபோது, படைவீரர்கள் அவர் மகன் கான்ஸ்டன்டைனைப் பேரரசராக அறிவித்ததும் இங்கேதான். பேராலயத்தின் தென்வாசலுக்கு எதிரே நிற்கும் ஒற்றைத் தூண், 1969இல் பேராலயத்தின் அடியில் அகழ்ந்தபோது கிடைத்த ரோமானியத் தூண்.

மதிய உணவு பற்றிய கூச்சத்துக்கு வருகிறேன். தனியாகச் சாப்பிடுபவரை அந்த நாட்டில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனாலும் கூச்சம் கூச்சம்தான், அறிவுரையால் போகாது. ஆகவே அதற்கு இடம் கொடாதபடி திட்டமிடுங்கள். பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை உணவகங்களில் குடும்பங்களும் குழுக்களும் நிறைந்திருக்கும். பதினொன்றே முக்காலுக்கோ இரண்டு மணிக்கு மேலோ சென்றால் சன்னலோர ஒற்றை இருக்கை கிடைக்கும். எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிராமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மது விற்க உரிமம் பெற்ற உணவகங்கள் கேட்டால் குழாய்நீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். கேட்கத் தயங்க வேண்டாம். பணத்தை மிச்சப்படுத்த விரும்பினால் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், பேராலயத்தின் வடபுறமுள்ள டீன்ஸ் பார்க் புல்வெளியில் சாப்பிடுங்கள். மழை இல்லாத நாளில் நான் எப்போதும் அதையே செய்வேன்.

கட்டணம் செலுத்தி ஓர் இடம் பார்ப்பதாக இருந்தால் அது பேராலயமாகவே இருக்கட்டும். அங்கே எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம்; நேராகக் கிழக்குக் கோடிக்குச் சென்று உட்காருங்கள். ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை உருவாக்கிய கண்ணாடிச் சாளரம் ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு பெரியது. உலகத்தின் படைப்பு மேலே தொடங்கி, உலகத்தின் முடிவு கீழே வரை விரிகிறது. அரை மணி நேரம் இருந்தால்தான் தனித்தனிக் கட்டங்கள் பிரிந்து தெரியும். கட்டணம் இயலாதென்றால் பிற்பகலில் ஈவன்சாங் என்னும் பாடல் வழிபாடு நடக்கும்; அதற்கு யாரும் கட்டணமின்றி வரலாம், எந்த மதத்தவர் என்று கேட்கமாட்டார்கள். நேரம் கிழமைக்குக் கிழமை மாறும். வழிபாட்டின்போது சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. ஆனால் அந்தக் கல்மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது பாடல் எழும்போதுதான் காதுக்குப் புரியும்.

அதற்கு முன் குட்ராம்கேட்டில் ஒரு சிறு வாயிலைத் தேடுங்கள். கடைகளுக்கு நடுவே எளிதில் தவறவிட்டுவிடக் கூடியது. உள்ளே சென்றால் தெருவின் இரைச்சல் அறுந்து, மரங்களுக்கு நடுவே ஹோலி டிரினிட்டி என்ற சிற்றாலயம் நிற்கும். தரை அலைபோல் மேடுபள்ளமாக இருக்கும். இடுப்பளவு மரப்பெட்டிகளாக அடைக்கப்பட்ட இருக்கைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். கட்டணம் இல்லை. தெருவை ஒட்டி நிற்கும் லேடி ரோ வீடுகள் 1316இல் கட்டப்பட்டவை. மேல்தளம் கீழ்த்தளத்தைவிட முன்னால் துருத்தி நிற்பதைக் கவனியுங்கள். எல்லோரும் படம் எடுக்கும் ஷாம்பிள்ஸ் தெருவிலும் அதே அமைப்புதான். அது இறைச்சிக் கடைத்தெருவாக இருந்தது. கொக்கிகளும் கடைமுகப்புப் பலகைகளும் சில கட்டடங்களில் இன்னும் உள்ளன. சனிக்கிழமை நண்பகலில் அங்கே கூட்டத்தின் முதுகுகளைத்தான் பார்க்க முடியும். கடைகள் அடைத்தபின் செல்லுங்கள்.

மேட்டின் மீது நிற்கும் பழைய கோட்டைக் கோபுரமான கிளிஃபர்ட் கோபுரத்தின் மேலே ஏற வேண்டுமா என்பது உங்கள் பணத்தைப் பொறுத்தது. அடிவாரத்தில் உள்ள நினைவுக்கல்லைப் படிக்கப் பணம் வேண்டாம். 1190 மார்ச்சில், வெறிகொண்ட கும்பலுக்கு அஞ்சி அந்த மேட்டின் மீதிருந்த மரக்கோட்டையில் அடைக்கலம் புகுந்த யூதர்கள் ஏறத்தாழ 150 பேர் அங்கேயே மாண்டார்கள். பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். அழகான ஊர் என்ற எண்ணத்தோடு மட்டும் திரும்பாமல் இருக்க அந்த இடத்தில் சிறிது நேரம் நிற்பது நல்லது.

தேசிய ரயில் அருங்காட்சியகம் இலவசம்தான். 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்ட மாலர்ட் நீராவி இயந்திரம் அங்கே இருக்கிறது. ஆனால் அது அரை நாளை விழுங்கிவிடும். மழை கொட்டினால் மட்டும் திட்டத்தை மாற்றி அங்கே செல்லுங்கள், நிலையத்தின் பின்புறம்தான்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, எந்த ரயிலில் போகிறீர்கள், எதில் திரும்புகிறீர்கள் என்பதை ஒரு தோழிக்கு எழுதி வையுங்கள். இருட்டியபின் ஆற்றங்கரைப் படித்துறைகளைத் தவிர்க்கவும். பல இடங்களில் தடுப்பு இல்லை, கல் வழுக்கும், ஊஸ் ஆறு அடிக்கடி கரைமீறும். பகலில் அங்கே கிங்ஸ் ஆர்ம்ஸ் என்ற மதுவிடுதியில் ஒவ்வொரு வெள்ளமும் எட்டிய உயரத்தைக் குறித்து வைத்திருப்பதைப் பாருங்கள். நவம்பர் 2000 என்ற குறியின் அருகே நின்று உங்கள் உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேராலயத்திலிருந்து நிலையத்துக்கு லெண்டல் பாலம் வழியாகக் கால் மணி நேர நடை. லீட்ஸுக்கு மாலையில் ரயில்கள் அடிக்கடி உண்டு. எந்த நேரத்திலும் திரும்பும் சீட்டாக வாங்கியிருந்தால் ஒன்றைத் தவறவிட்டாலும் கவலை இல்லை. வெளிச்சம் மிச்சமிருந்தால் போகிற வழியில் பூங்காவுக்குள் திரும்பி, காலையில் வரைந்த அந்தச் சுவரை மாலை வெயிலில் இன்னொரு முறை பாருங்கள். பூங்காவும் பொழுதோடு மூடிவிடும். வாசலில் எழுதியிருக்கும் நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.