"சாப்பிட மாட்டேங்கிறான் அக்கா": ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

27 வருஷம் பாளையங்கோட்டைப் பக்கம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் நான். சின்னப் பிள்ளைகளின் சாப்பாடு பற்றிக் கேளுங்கள். காய்ச்சலுக்கும் மருந்துக்கும் டாக்டரிடம் போங்கள்.

பேட்டை: பத்து மாதத்தில் நன்றாகச் சாப்பிட்டவன், ஒன்றரை வயதில் நாலு வாயோடு எழுந்துவிடுகிறான். மாமியார் என்னைத்தான் குறை சொல்கிறார்கள், அக்கா.

உன் மேல் தப்பில்லை, தங்கச்சி. முதல் வருஷத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருஷத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது உன் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவன் வயிறு சொல்லட்டும். மூக்கைப் பிடித்து வாயில் திணிக்காதே. எடை குறைந்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ டாக்டரிடம் காட்டு. மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டு.

வள்ளியூர்: மகளுக்கு 3 வயது. காய்கறி என்றாலே ஓடுகிறாள்.

தம்பி, வீட்டில் நீங்கள் காய் சாப்பிடுகிறீர்களா? அதைத்தான் முதலில் கேட்பேன். அப்பா தட்டில் ஒதுக்கும் கத்தரிக்காயைப் பிள்ளையும் ஒதுக்கும்.

அங்கன்வாடிக்கு ஒரு பையன் வந்தான். கேரட்டைக் கண்டால் விரலால் தள்ளிவிடுவான். ஒருநாள் வீட்டிலிருந்து, தேங்காய்ப்பாலில் கேரட்டும் போட்டு வைத்த சொதிக் குழம்பு கொண்டுபோயிருந்தேன். ஒரு துண்டை எடுத்தான், நக்கினான், பக்கத்தில் இருந்தவளின் வாயைப் பார்த்தான், திரும்பத் தட்டில் வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகும் வாரம் இரண்டு தரம் அவன் தட்டில் ஒரு துண்டு கேரட் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் தானாக மென்றான். புது ருசி பழக 8 முதல் 15 தடவை கூட ஆகும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மேலப்பாளையம்: செல்போன் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான்.

படத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. போனை நிறுத்துங்கள். நாலைந்து நாள் அழுவான். அந்த நாட்களில் நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அம்பாசமுத்திரம்: டிவியில் பாட்டுப் போட்டு ஊட்டலாமா?

மேலே சொன்னதுதான்.

களக்காடு: தொலி உளுந்தங்களியில் 11 மாதப் பேத்திக்குக் கருப்பட்டி போடலாம்தானே?

வேண்டாம், ஆச்சி. 2 வயது வரை இனிப்பே சேர்க்காமல் இருப்பது நல்லது. கருப்பட்டி போடாமல், நல்லெண்ணெய் விட்டு இளக்கமாகக் கிண்டிக் கொடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி: கருப்பட்டியும் சீனியும் ஒன்றா? நான் நாலு பிள்ளையைக் கருப்பட்டியில்தான் வளர்த்தேன்!

திசையன்விளை: எங்கள் பனங்காட்டுச் சரக்கைக் குறை சொல்லாதீர்கள், அக்கா.

குறை சொல்லவில்லை. நானும் கருப்பட்டிக் காபிதான் குடிக்கிறேன். அதில் கொஞ்சம் தாது உப்பு உண்டு, மணமும் தனி. ஆனால் பெரும்பங்கு சர்க்கரைதான், பால் பல்லைச் சொத்தையாக்கத்தான் செய்யும். ஆச்சி, உங்கள் பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுத்தது அந்த உளுந்தும் நல்லெண்ணெயும். இனிப்புக்குப் பழகாத நாக்குக்கு நேந்திரம்பழமே தித்திக்கும்.

கல்லிடைக்குறிச்சி: இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, ஆச்சி. பெரிய பிள்ளைகளுக்குத் தாராளமாகக் களி கிண்டுங்கள், சண்டையே இல்லை. அப்புறம் இன்னொன்று: 1 வயதுக்குள் தேனை நாக்கில் தடவவே கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சங்கரன்கோவில்: 2 வயது. நாலு டம்ளர் பால் குடிக்கிறான், சோறு இறங்கவில்லை.

பாலிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் இரும்புச்சத்தும் குறையும்.

வண்ணாரப்பேட்டை: கார்ட்டூன் போட்டால் மட்டும்...

மூன்றாவது தடவை இதே கேள்வி. மேலே வாசியுங்கள், தங்கச்சி. திணிக்கவும் வேண்டாம்.

தச்சநல்லூர்: "சோற்றை முடித்தால் அல்வா" என்று சொல்லித்தான் ஊட்டுகிறோம்.

அப்படிச் சொன்னால் சோறு தண்டனையாகிவிடும், அல்வா பரிசாகிவிடும். அல்வாவைச் சோற்றோடு முடிச்சுப் போடாதீர்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிற அன்று அவனுக்கும் ஒரு விள்ளல் கொடுங்கள். சோற்றை மிச்சம் வைத்திருந்தாலும் கொடுங்கள்.