பூச்சாடித் தட்டில் டெங்கு வைரஸ் வளருமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. போன வருடம் மகனுக்கு டெங்கு வந்து சுகமானது. இப்போது வைரஸ் உருமாறிவிட்டது என்கிறார்கள். பல்கனிப் பூச்சாடித் தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் அது பெருகி மாறுகிறதா? டெட்டோல் ஊற்றினால் போதுமா?

பதில்: அந்தத் தண்ணீரில் வளர்வது நுளம்புக் குடம்பிதான். வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும், மனிதனுடையதோ நுளம்பினுடையதோ. முட்டை வழியே குடம்பிக்குச் சில வேளை வைரஸ் கடத்தப்படுவதுண்டு. அதுவும் கலத்துக்குள் இருந்தபடியேதான்.

டெங்கு வைரஸிடம் இருப்பது ஏறக்குறைய 10,700 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை, அதாவது அதன் மரபுக் குறிப்பு. சமையல் குறிப்பு கையில் உண்டு. அடுப்பும் அரிசியும் நம்முடையவை. நம் கலத்தின் ரைபோசோம்கள் அந்த இழையை வாசித்து 10 புரதங்களைச் செய்து கொடுக்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் இழையைப் படியெடுக்கும் நொதியம். அதற்குப் பிழைதிருத்தத் தெரியாது. விகாரம், அதாவது நீங்கள் கேட்ட உருமாற்றம், பிறப்பது அந்தப் படியெடுப்பில்தான். படியெடுக்கக் கலம் இல்லையென்றால் உருமாற்றமும் இல்லை.

பிழையான படிகளில் பெரும்பாலானவை உதவாதவை. ஆனால் ஒரே கலத்துக்குள் நல்ல வைரஸும் இருந்தால், அது செய்த புரதத்தை இரவல் வாங்கி நொண்டி வைரஸும் வெளியே வந்துவிடும். மியன்மாரில் தன் வெளியுறைக்கான புரதத்தையே முழுதாகச் செய்ய முடியாத ஒரு டெங்கு-1 வகை வைரஸ் இப்படி மனிதரிலும் நுளம்பிலும் குறைந்தது 18 மாதங்கள் சுற்றியதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கு இன்றுவரை வியப்புத் தீராத விடயம் இது.

உங்கள் மகன் விடயத்தில் 'உருமாற்றம்' என்ற பேச்சைவிட முக்கியமானது, டெங்குவில் டெங்கு-1 முதல் டெங்கு-4 வரை 4 வகைகள் உண்டு என்பது. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு. இன்னொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் ஆபத்து கூடுதல். இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேக நோயாளர்களாகப் பதிவான 2017இல் முன்னின்றது டெங்கு-2.

டெட்டோலை நம்பியிருக்க வேண்டாம். தண்ணீரைக் கொட்டுவதும் போதாது. முட்டைகள் தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

மகனுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடவே கூடாது. மூன்றாம் நாளைத் தாண்டவிடாமல் முழுக் குருதிக் கணக்கெடுப்புச் செய்து வைத்தியரிடம் காட்டுங்கள். போன வருடம் டெங்கு வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.