10.1.1-க்குப் பின் ஒரு புள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அலுவலகத்தில் போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ் ஓடுகிறது. தடை செய்த நெட்வொர்க்குகளை ஒரு டேபிளில், நெட்வொர்க் முகவரிக்கான சைடர் வகையில் வைத்திருக்கிறோம், சுமார் 4 லட்சம் ரெக்கார்டு. உள்ளே வரும் ஐபி எந்தத் தடைக்குள் விழுகிறது என்று பார்க்க 'நெட் >>= ஐபி' என்று தேடுகிறேன். இன்டெக்ஸ் போட்டும் முழு டேபிளையும்தான் படிக்கிறது. முழு டேபிளையும் படிக்க விடும் எனேபிள்_சீக்ஸ்கேன் அமைப்பை ஆஃப் செய்தேன், பலனில்லை. பிரின் இன்டெக்ஸ் உதவுமா? இல்லை, மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறி முகவரியை எண்ணாக வைத்துக்கொள்ளலாமா?

லாகின் பதிவு டேபிளும் மெதுவாகத்தான் இருக்கிறது. அங்கே ஐபி காலம் (நெடுவரிசை) ஐபி முகவரிக்கான இனெட் வகை. ஜாவா டிரைவர் எரர் கொடுத்ததால் ஐபியை எழுத்தாக மாற்றி, ஐபி::டெக்ஸ்ட் லைக் '10.1.1%' (10.1.1 என்று தொடங்குபவை) என்று எழுதி, கிளைவாரியாக மாத அறிக்கை எடுக்கிறோம். மாதம் ஒரு முறைதான் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

க.

அன்புள்ள க.,

நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்தக் கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. இனெட் காலத்தை டெக்ஸ்டாக்கித் தேடும் பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்ட கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

பிரின் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ரெக்கார்டுகளில் பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் இருந்தால்தான் அது பயன்படும்; வந்த வரிசையில் சேரும் முகவரிகள் அப்படி அமைவதில்லை. மைஎஸ்க்யூஎல்லும் வேண்டாம். எனேபிள்_சீக்ஸ்கேனை ஆஃப் செய்வது சோதித்துப் பார்க்க மட்டுமே. வேறு வழி இல்லாத இடத்தில் அது புது வழியை உண்டாக்காது, அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் மாறவில்லை.

நீங்கள் போட்டிருப்பது பி-ட்ரீ, வழக்கமான இன்டெக்ஸ் வகை. அது முகவரிகளை வரிசையில் அடுக்கி வைக்கும். 203.0.113.0/24-க்குள் (முதல் 24 பிட் ஒன்றாக உள்ள 256 முகவரிகள்) இருக்கும் முகவரிகள் எவை என்றால் அவை அந்த வரிசையில் ஒரே துண்டாகக் கிடைக்கும். நீங்கள் கேட்பது தலைகீழ்க் கேள்வி: 203.0.113.77-ஐ உள்ளடக்கிய நெட்வொர்க்குகள் எவை? 203.0.113.64/26 ஓரிடத்தில், 203.0.113.0/24 சற்று முன்னால், 203.0.0.0/8 வெகு தூரம் முன்னால் என்று விடை சிதறிக் கிடக்கிறது. இடையில் சம்பந்தமில்லாத ஆயிரம் நெட்வொர்க்குகள். இதற்கு, எது எதை உள்ளடக்குகிறது என்று தேட உதவும் ஜிஸ்ட் இன்டெக்ஸ் வேண்டும். காலத்தின் பெயருக்குப் பக்கத்தில் இனெட்_ஆப்ஸ் என்று எழுத மறக்காதீர்கள், இல்லையென்றால் உங்கள் பதிப்பு எரர் தரும். எஸ்பி-ஜிஸ்ட் என்ற இன்னொரு வகையும் உண்டு, அதற்கு அந்தப் பெயர் தேவையில்லை. இரண்டையும் போட்டு அளந்து பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறுகிய தடை மட்டும் வேண்டுமென்றால் மாஸ்க்லென்(நெட்) மதிப்பை, அதாவது சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணை, இறங்குவரிசையில் அடுக்கி லிமிட் 1. அவ்வளவுதான் உங்கள் கேள்வி.

இனி லைக் '10.1.1%'.

மெதுவாக ஓடுவது இருக்கட்டும். அது தப்பான விடை தருகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 10.1.1 என்று தொடங்கும் எழுத்துத் தொடர்கள் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 10.1.1.0 முதல் 10.1.1.255 வரை, சரி, அது நீங்கள் கேட்ட கிளை. 10.1.10 முதல் 10.1.19 வரையும் அதே எழுத்துகளில்தான் தொடங்குகின்றன, அவை 10 நெட்வொர்க். 10.1.100 முதல் 10.1.199 வரை இன்னும் 100. ஆக 1 கேட்ட இடத்தில் 111 நெட்வொர்க்குகளின் லாகின்கள் ஒரே கிளையின் கணக்கில் விழுகின்றன. 256 முகவரிகளுக்குப் பதில் 28,416. ஒரு புள்ளி விடுபட்டதால் வந்தது இது. மாதம் ஒரு முறைதான் என்கிறீர்கள். ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்கிறாரே!

'10.1.1.%' என்று புள்ளி வைத்துத் திருத்தினால் போதாதா என்பீர்கள். இந்தக் கிளைக்கு விடை சரியாகும். நாளை ஒரு கிளைக்கு 10.1.16.0/20 ஒதுக்கினால்? அது 10.1.16 முதல் 10.1.31 வரை, 16 லைக் எழுத வேண்டும். இன்டெக்ஸோ அப்போதும் கிடைக்காது. இன்டெக்ஸ் இருப்பது ஐபி என்ற காலத்தின் மேல், நீங்கள் தேடுவது ஐபி::டெக்ஸ்ட் என்ற வேறொரு பொருளை. ஒவ்வொரு ரெக்கார்டையும் எடுத்து எழுத்தாக மாற்றி ஒப்பிடுவதைத் தவிர, குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானருக்கு வழியில்லை. முகவரியை மட்டும் எழுத்தாகத் தரும் ஹோஸ்ட்(ஐபி) என்று எழுதினாலும் இதே கதைதான்.

சமக்குறி போட்டால் இன்னும் மோசம். ஐபி::டெக்ஸ்ட் = '203.0.113.7' ஒரு ரெக்கார்டைக்கூடத் தராது, ஏனென்றால் டெக்ஸ்டாக மாற்றும்போது போஸ்ட்கிரெஸ் நெட்மாஸ்க்கையும் சேர்த்து '203.0.113.7/32' என்று தரும். வரிசைப்படுத்தினால் 10.0.0.10 முன்னாலும் 10.0.0.9 பின்னாலும் நிற்கும். 7 பைட்டில் அடங்கும் ஒரு ஐபிவி4 முகவரி மனிதர் படிப்பதற்காகத்தான் புள்ளி வைத்து எழுதப்படுகிறது. டேட்டாபேஸ் அதை அப்படிப் படிக்க வேண்டியதே இல்லை.

டிரைவர் கொடுத்த எரர் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. 'ஆபரேட்டர் டஸ் நாட் எக்ஸிஸ்ட்: இனெட் = கேரக்டர் வேரியிங்' என்றுதான் இருந்திருக்கும். நீங்கள் அனுப்பிய மதிப்பு ஸ்ட்ரிங், காலம் இனெட், வகை பொருந்தவில்லை என்று அது சொல்கிறது. நீங்கள் காலத்தை மாற்றினீர்கள். மாற்ற வேண்டியது மதிப்பை: ஐபி <<= ?::இனெட் என்று எழுதி (ஐபி இந்த நெட்வொர்க்குக்குள் இருக்கிறதா என்று பொருள்) '10.1.1.0/24' அனுப்புங்கள். தவறான இடத்தில் போட்ட இந்த ஒரு காஸ்ட்டை (வகை மாற்றத்தை) எத்தனையோ டீம்கள் வருடக்கணக்கில் சுமக்கின்றன. எரரை வாயடைக்க எழுதும் எந்த வரியையும் இரண்டு முறை படியுங்கள்.

எழுதியபின், குவெரி ஓடும் பிளானைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் ஓட்டுங்கள். இன்டெக்ஸ் கான்ட் என்ற வரியில் ஐபி >= '10.1.1.0/24', ஐபி <= '10.1.1.255' என்று இரண்டு எல்லைகள் தெரிய வேண்டும். உங்கள் <<= ஐ பிளானரே அப்படி மாற்றிக்கொள்கிறது; மூல நிபந்தனை கீழே ஃபில்டர் வரியில் நிற்கும், அது இருக்கட்டும். மதிப்பு பிளான் போடும்போதே தெரிந்தால்தான் இந்த மாற்றம் நடக்கும். அதனால் வேறொரு டேபிளோடு ஜாயின் செய்து, அங்கிருந்து நெட்வொர்க்கை எடுத்தால் பி-ட்ரீ கைகொடுக்காது, அங்கும் ஜிஸ்ட்தான். முதலில் வேகமாக ஓடிய குவெரி திடீரென்று மெதுவானால் பிளானில் மதிப்புக்குப் பதில் $1 என்று நிற்கிறதா பாருங்கள். பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயாரித்து வைத்த குவெரி) எல்லா மதிப்புக்கும் ஒரே பொதுப் பிளானுக்கு மாறியிருக்கும். பிளான்_கேஷ்_மோடை ஃபோர்ஸ்_கஸ்டம்_பிளான் என்று வைத்தால் தீரும்.

உள்ளே இருக்கும் டேட்டாவையும் ஒரு முறை அலசுங்கள். இனெட் காலத்தில் 10.1.1.5/24 என்றும் சேமிக்க முடியும், அது 10.1.1.5-க்குச் சமம் ஆகாது. ஐபிவி4 ரெக்கார்டுகளில் மாஸ்க்லென் 32 அல்லாதவற்றை எண்ணிப் பாருங்கள். சில சர்வர்கள் ஐபிவி4 முகவரியை ஐபிவி6 உடையில் ::எஃப்எஃப்எஃப்எஃப்:10.1.1.5 என்று அனுப்பும். அந்த ரெக்கார்டுகள் 10.1.1.0/24-க்குள் ஒருபோதும் வராது. அதை உள்ளே சேர்க்கும் இடத்திலேயே கழற்றிவிடுங்கள்.

ஜிஸ்ட் இன்டெக்ஸை கன்கரன்ட்லி சேர்த்துப் போடுங்கள், டேபிளில் எழுதுவது நிற்காது. ஆனால் அதற்கு முன்னால், இன்றைக்கே, கடந்த மாதங்களின் கிளை அறிக்கைகளைப் புதிய குவெரியால் திரும்ப எடுத்துப் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். 10.1.1 மட்டுமல்ல, 10.1.2-ஐயும் பாருங்கள், அது 10.1.20 முதல் 10.1.29 வரையும் 10.1.200 முதல் 10.1.255 வரையும் விழுங்கியிருக்கும். வித்தியாசம் இருந்தால் அந்த அறிக்கையை வாங்கியவர்களுக்கு நீங்களே எழுதிவிடுங்கள். திட்டு விழுந்தால் விழட்டும், இந்தப் பதிலையும் கூடவே அனுப்புங்கள்.