வாசகர் கேள்வி பதில்: நெடும்பயணமும் நாட்குறிப்பும்

கேள்வி: நானும் கணவரும் காரில் இருபது நாள் நெடும்பயணம் கிளம்புகிறோம். அன்றாட அனுபவங்களை எழுதி இணையத்தில் வெளியிட ஆசை. சென்ற முறை மூன்றாம் நாளோடு எழுத்து நின்றுவிட்டது. இந்த முறை எப்படித் தொடர்வது?

பதில்: எழுத்து நின்றதற்குச் சோம்பல் காரணமாக இருக்காது, குறிப்பெடுப்பதையும் கட்டுரை எழுதுவதையும் ஒரே வேலையாக வைத்துக்கொண்டிருப்பீர்கள். நாள் முழுக்கச் சாலையில் இருந்துவிட்டு அறைக்கு வருபவருக்கு, மறுநாள் வழியைப் பார்த்து, துணியை அலசிப் போட்டபின், நல்ல நடையில் நாலு பக்கம் எழுதத் தெம்பு இருக்காது. 1831 முதல் 1836 வரை கப்பலில் உலகைச் சுற்றிவந்த சார்லஸ் டார்வின், கரையிறங்கித் திரிந்தபோது சிறிய நோட்டுகளில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டார். அவற்றைக் கொண்டு பின்னர் நாட்குறிப்பை விரித்தெழுதினார். அது நூலாக வெளிவந்தது 1839இல்தான்.

எனவே சாலையில் கிறுக்கல் போதும். வண்டி நிற்கும் இடந்தோறும் நேரம், ஓடோமீட்டர் எண், ஊர்ப்பெயர், கண்ணில் பட்ட ஒன்று என ஒரே வரி எழுதுங்கள். ‘அருமையான இயற்கைக் காட்சி’ என்று எழுதிவைத்தால் ஒரு வாரத்தில் அது எந்த மலை என்றே தெரியாது. ‘11.40, ரயில்வே கேட் மூடியிருந்தது; முன்னால் நின்ற லாரியின் மேலிருந்த பையன் ஆரஞ்சை உரித்து, தோலை ஒவ்வொன்றாகக் கீழே நின்ற ஆட்டுக்குப் போட்டான்’ என்று எழுதியிருந்தால், ஆறு மாதம் கழித்தும் அந்த இடம் அப்படியே எழுந்து வரும். ஸ்டியரிங் பிடித்திருப்பவர் பேனாவையோ போனையோ தொடவே கூடாது. அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். பெட்ரோல் போட்ட ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள், தேதி குழம்பும்போது கைகொடுக்கும்.

தனிக் கேமரா கொண்டுபோகிறீர்களா? போன் தன் கடிகாரத்தை நெட்வொர்க்கைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும்; பெரும்பாலான கேமராக்கள் அப்படிச் செய்வதில்லை. கிளம்பும் அன்று போனின் கடிகாரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவையுங்கள். இரண்டுக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று அந்தப் படமே சொல்லிவிடும்.

கேள்வி: சிக்னல் இல்லாத காட்டுப் பாதையில் எடுக்கும் படங்களில் இடம் பதிவாகுமா?

பதில்: கேமராச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் பதிவாகும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வருவது. அதற்கு மொபைல் டேட்டா கட்டாயமில்லை, முதலில் இடத்தைப் பிடிக்கச் சற்றுத் தாமதமாகலாம், அவ்வளவுதான். ஆனால் படத்தைச் செய்திச் செயலி வழியாக அனுப்பினால் அது பெரும்பாலும் சுருங்கி, இடமும் நேரமும் அழிந்தே போய்ச் சேரும். மூலப் படங்களை இரவுதோறும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, போன் இருக்கும் பையில் அல்லாமல் வேறு பையில் வையுங்கள். மூலப் படத்தை அப்படியே வெளியிட்டால் நீங்கள் தங்கும் இடமும் அதனுடன் வெளியாகலாம் என்பதால், இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு, அந்த ஊரைக் கடந்து இரண்டு நாள் கழித்து வெளியிடுவதே நல்லது. பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் அறிவிப்பானேன்?

கேள்வி: ஒரே சம்பவத்தை நான் ஒருவிதமாகவும் கணவர் வேறுவிதமாகவும் சொல்கிறோம். எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுதுங்கள், படிப்பவருக்கு அதுதான் சுவை. தூரத்தைப் பற்றித் தகராறு வந்தால் மட்டும் ஓடோமீட்டர் குறிப்பைப் புரட்டுங்கள்.